தோற்றும் போகாத அமைச்சரவை: ஒரு டேனிஷ் பள்ளி ஆசிரியரும் ஓர் எழுதாத விதியும்

1884-இல் டென்மார்க்கில் தேர்தல் நடந்தது. கீழவையில் மொத்தம் 102 இடங்கள். ஆட்சியில் இருந்த கட்சி வென்றவை 19. அதன்பின் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. பிரதமர் எஸ்ட்ரூப் தன் நாற்காலியிலேயே இருந்தார், அடுத்த பத்தாண்டுகளும் இருந்தார். அவர் சட்டத்தை மீறியதாக நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. ராணுவம் தெருவில் இறங்கவில்லை. நாடாளுமன்றம் கூடியது, பேசியது, கலைந்தது. அமைச்சரவை மட்டும் அசையவில்லை.

தேர்தலில் தோற்றால் ஆட்சி போய்விடும் என்பது இன்று நமக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற விஷயம். அதனால்தான் இந்தக் கதை அரசியல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல பாடம். அந்த விதி எங்கேயும் தானாக முளைக்கவில்லை, யாரோ வாதாடி வாங்கியது. டென்மார்க்கில் அது 1901-இல் வந்தது. அப்போதும் சட்டமாக எழுதப்படவில்லை, வழக்கமாக மட்டுமே வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் யூட்லாந்து தீபகற்பத்தின் மேற்குக் கோடியில் கிராமத்துப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர். பெயர் யென்ஸ் கிறிஸ்டியான் கிறிஸ்டென்சன். டேனியர்கள் ஐ.சி. கிறிஸ்டென்சன் என்றே சொல்வார்கள். யென்ஸ் என்ற பெயருக்கு ஏன் 'ஐ' என்று கேட்கலாம். பழைய டேனிஷ் எழுத்தில் அந்த இரண்டு எழுத்துகளுக்கும் பெரிய வேறுபாடு பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த விதிக்குத் தமிழில் பொறுப்பாட்சி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரே கேள்வியில் அதைச் சொல்லிவிடலாம்: அமைச்சர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? தன்னை நியமித்த அரசருக்கா, மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கா?

இரண்டு அவைகள், ஒரு ஓட்டை

டென்மார்க்கில் முழு முடியாட்சி முடிந்து அரசியல் சாசனம் வந்தது 1849 ஜூன் 5-இல். (தரங்கம்பாடியை டேனியர்கள் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனது 1845-இல், அந்த விற்பனையில் கையெழுத்திட்டது முழு முடியாட்சியின் டென்மார்க்.) அந்தச் சாசனம் அன்றைய ஐரோப்பாவில் தாராளமானது. 30 வயது நிரம்பிய, சொந்தமாகக் குடும்பம் நடத்தும் ஆண்கள் வாக்களிக்கலாம். பெண்கள், பிறர் வீட்டில் தங்கி வேலை செய்யும் ஆட்கள், அரசு உதவி பெறும் ஏழைகள், குற்றவாளிகள், திவாலானவர்கள், அயல்நாட்டவர், மனநலம் குன்றியவர்கள் ஆகியோருக்கு வாக்கு இல்லை. டேனிஷ் மொழியில் இந்த ஏழு வகையினரைக் குறிக்கும் சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். விட்டுப்போனவர்களைக் கணக்கிட்டால் 'தாராளம்' என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். கீழவை ஃபோல்கெதிங், மேலவை லான்ஸ்திங். 1864-இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் போரில் தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன், லவன்பர்க் பகுதிகளை டென்மார்க் இழந்தது. அந்த அதிர்ச்சியில் பெருநிலக்கிழார்கள் கை ஓங்கியது. 1866-இல் சாசனத்தைத் திருத்தினார்கள். அதன்படி மேலவையில் 66 பேர். அவர்களில் 12 பேரை அரசரே நியமிப்பார், மற்றவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அதிக வரி கட்டுபவர்களின் குரலுக்குக் கனம் கூடுதல். கீழவையில் விவசாயிகள், மேலவையில் பண்ணையார்கள் என்று நாடு இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது.

இப்போது கட்சிப் பெயர்கள். விவசாயிகளின் கட்சி வென்ஸ்ட்ரே; அதன் நேர்ப்பொருள் 'இடது'. பண்ணையார்களும் அதிகாரிகளும் சேர்ந்த கட்சி ஹொய்ரே, அதாவது 'வலது'. வென்ஸ்ட்ரே இன்றும் இருக்கிறது, இன்றைய டேனிஷ் அரசியலில் வலதுபக்கக் கட்சி. பெயர் மட்டும் 'இடது'. டேனிஷ் செய்திகளை முதன்முதலில் படிக்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன்.

1872 முதல் கீழவையில் வென்ஸ்ட்ரேவுக்குப் பெரும்பான்மை. 1875-இல் எஸ்ட்ரூப் பிரதமர். அவர் ஒரு பண்ணையார், ஹொய்ரே கட்சிக்காரர். அவர் வாதம் எளியது: இரண்டு அவைகளும் சமம், அமைச்சர்களை நியமிப்பவர் அரசர், அரசர் என்னை நம்புகிறார், கீழவை என்னை வெறுப்பது அவர்கள் பாடு. சாசனத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம்.

கீழவையின் கையில் ஒரே ஆயுதம்: வரவு செலவுத் திட்டம். இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ளாமல் அது சட்டமாகாது. எனவே கீழவை மறுத்தது. எஸ்ட்ரூப் சாசனத்தில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். நாடாளுமன்றம் கூடாத காலத்தில் அவசரம் நேர்ந்தால் அரசர் தற்காலிகச் சட்டம் பிறப்பிக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. வெள்ளமோ போரோ வந்தால் பயன்படட்டும் என்று வைத்த பிரிவு. எஸ்ட்ரூப் என்ன செய்தார்? திட்டத்தைக் கீழவை நிராகரித்ததும் உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பினார். இப்போது நாடாளுமன்றம் கூடவில்லை அல்லவா? உடனே அரசரின் கையெழுத்துடன் 'தற்காலிக' நிதிச் சட்டம் வந்தது. 1877-இல் ஒருமுறை, பிறகு 1885 முதல் 1894 வரை ஆண்டுதோறும். அந்தப் பணத்தில் கோபன்ஹேகனைச் சுற்றிக் கோட்டைகள் எழுந்தன. அந்தக் கோட்டைகளால் என்ன பயன் என்று கீழவையில் கேட்டவர் வென்ஸ்ட்ரேவின் கூர்நாக்குப் பேச்சாளர் விகோ ஹோருப். ஃபோல்கெதிங்கிற்கு மேலேயும் யாரும் இல்லை, பக்கத்திலும் யாரும் இல்லை என்பது அவருடைய முழக்கம். பொறுப்பாட்சி என்ற கருத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

1885 அக்டோபரில் யூலியுஸ் ராஸ்முஸன் என்ற அச்சுத் தொழிலாளி எஸ்ட்ரூப்பைச் சுட்டார். குண்டு ஒரு கோட்டுப் பொத்தானில் பட்டுத் தெறித்தது. அரசு இன்னும் இறுகியது.

வாத்தியார்கள் ஏன் வந்தார்கள்

வென்ஸ்ட்ரேவின் தலைவர்களைப் பாருங்கள். கிறிஸ்டன் பெர்க் ஆசிரியர். அவர் காலத்துக்குப் பின் ஐ.சி. கிறிஸ்டென்சன், அவரும் ஆசிரியர். மிதவாதப் பிரிவை நடத்திய ஃப்ரெதே பொய்சன் கிராமத்து இளைஞர்கள் தங்கிப் படிக்கும் ஒரு மக்கள் உயர்பள்ளியின் தலைவர். இது தற்செயல் இல்லை.

1814-இலேயே டென்மார்க் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வியைக் கட்டாயமாக்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். அவரே பல ஊர்களில் தேவாலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். அவருக்கு வீடும் கொஞ்சம் நிலமும் ஊதியத்தின் பகுதியாகக் கிடைக்கும். ஆக அவர் பாதி அரசு ஊழியர், பாதி விவசாயி. பாதிரியார் மேட்டுக்குடி, லத்தீன் படித்தவர். ஆசிரியரோ உழவர் வீட்டுப் பிள்ளை, பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு உழவர்களிடையே திரும்பி வந்தவர். ஊரில் மனு எழுத வேண்டுமா, சங்கத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டுமா, செய்தித்தாளில் நாடாளுமன்றப் பேச்சைப் படித்துக்காட்ட வேண்டுமா, அவர்தான்.

1882-இல் மேற்கு யூட்லாந்தின் யெதிங் என்ற சிற்றூரில் விவசாயிகள் நாட்டின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணையைத் தொடங்கினார்கள். கூட்டுறவுப் பண்ணைகளில் ஒரு வழக்கம் பரவியது: எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரே வாக்கு. ஆறு மாட்டுக்காரனும் அறுபது மாட்டுக்காரனும் கூட்டத்தில் சமம். அதே விவசாயி மேலவைத் தேர்தலுக்குப் போனால் அங்கே வரி கட்டுவதைப் பொறுத்துக் குரலுக்குக் கனம். பால் பண்ணையில் உள்ள நியாயம் நாட்டில் ஏன் இல்லை என்று அவன் கேட்காமல் இருப்பானா?

கிறிஸ்டென்சன் பிறந்தது 1856 நவம்பர் 21-இல், யெதிங்கிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹோவன் வட்டாரத்து போபெல் என்ற ஊரில். வறண்ட புதர்க்காட்டு நிலம். சிறுவயதில் மேய்ச்சலுக்குப் போனவர். கெத்வெத் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் 1877-இல் தேறினார். 1886 முதல் 1901 வரை ஸ்டாதில் என்ற கடலோர ஊரில் ஆசிரியர், கூடவே தேவாலயப் பாடகர். அவ்வூர்த் தேவாலயத்தில் நடுக்காலத்துப் பொன்முலாம் பூசிய பலிபீட முகப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அமைச்சராகும் வரை அவருடைய தொழில் அதுதான். 1890-இல் ரிங்கியோபிங் தொகுதியிலிருந்து கீழவைக்குப் போனார். 1924 வரை அந்த இடத்தை விடவில்லை.

பெர்க்கின் கதையைச் சொல்லாமல் கிறிஸ்டென்சனின் பொறுமை புரியாது. பெர்க்கின் உத்தி 'வாடவிடும் அரசியல்' எனப்பட்டது. அரசு கொண்டுவரும் எதையும், நல்லதோ கெட்டதோ, நிறைவேற்றாமல் வாடவிடுவது. 1885-இல் ஹோல்ஸ்டெப்ரோ நகரில் ஒரு பொதுக்கூட்டம். காவல்துறைத் தலைவர் மேடையில் வந்து நின்றார். பெர்க் அப்போது கீழவையின் சபாநாயகர். அவர் இறங்கச் சொன்னார், அதிகாரி மறுத்தார், இருவர் அவரைக் கீழே இறக்கிவிட்டனர். இதற்காக நாட்டின் சபாநாயகருக்கு ஆறு மாதச் சிறை. பெர்க் 1891-இல் இறந்தார், எஸ்ட்ரூப் அப்போதும் பிரதமர்.

1894-இல் பொய்சனின் மிதவாதிகள் ஹொய்ரேவுடன் சமரசம் செய்தார்கள். எஸ்ட்ரூப் விலகினார், பதிலுக்குச் செலவுகள் ஒப்புக்கொள்ளப்பட்டன. ஆனால் அடுத்த அமைச்சரவையும் ஹொய்ரேதான். ஆள் மாறினார், விதி மாறவில்லை. கிறிஸ்டென்சன் அந்தச் சமரசத்தை எதிர்த்தார். எதிர்த்தவர்களைச் சேர்த்து 1895-இல் வென்ஸ்ட்ரே சீர்திருத்தக் கட்சியை உருவாக்கினார். மேடையில் இடி முழக்கும் ஆள் அல்லர் அவர். ஹோருப்பின் எள்ளலும் இல்லை, பெர்க்கின் ஆவேசமும் இல்லை. பல நிற ஆட்களை ஒரே கொட்டகையில் சண்டையில்லாமல் உட்கார வைக்கும் திறமை இருந்தது. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்தியவருக்கு அது புதிதாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

1901: ஒருவரும் கையெழுத்திடாத விதி

1901 ஏப்ரல் 3 தேர்தல் ஒரு வகையில் புதிது. அதுவரை டென்மார்க்கில் எல்லோர் முன்னிலையிலும் கைதூக்கித்தான் வாக்களித்தார்கள். பண்ணையார் பார்த்துக்கொண்டிருக்க அவர் நிலத்தில் வேலை செய்பவன் கை எந்தப் பக்கம் தூக்கும்? அந்த ஆண்டுதான் இரகசிய வாக்கெடுப்பு வந்தது. கீழவையில் இப்போது 114 இடங்கள். சீர்திருத்தக் கட்சிக்கு 76, மிதவாதிகளுக்கு 16, சமூக ஜனநாயகக் கட்சிக்கு 14. ஹொய்ரேவுக்கு 8.

எட்டு. அந்த எட்டை வைத்துக்கொண்டும் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியான் மூன்று மாதங்களுக்கு மேல் யோசித்தார். அப்போது அவருக்கு 83 வயது. கடைசியில் ஜூலை 24-இல் வென்ஸ்ட்ரே அமைச்சரவை பதவியேற்றது. டேனிஷ் வரலாற்றில் இதற்கு 'முறைமாற்றம்' என்று பெயர். புரட்சி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கண்ணாடி சன்னல்கூட உடையவில்லை.

கிறிஸ்டென்சன் பிரதமர் ஆனாரா? இல்லை. அரசர் தேர்ந்தெடுத்தது யோஹான் ஹென்ரிக் டாய்ன்ட்சர் என்ற சட்டப் பேராசிரியரை. உண்மையான தலைவர் யார் என்று நாட்டுக்கே தெரியும். கிறிஸ்டென்சனுக்குக் கிடைத்தது கல்வியும் சமயமும் சேர்ந்த துறை. வேளாண் அமைச்சரானவர் ஓலே ஹன்சன், நாட்டின் முதல் விவசாயி அமைச்சர்.

தொடங்குகிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான், எனவே கொஞ்சம் நிற்போம். 1901-இல் சாசனத்தில் ஒரு வரியும் மாறவில்லை. இனி கீழவையின் விருப்பப்படிதான் நடப்பேன் என்று அரசர் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருமுறை அப்படி நடந்தது, அடுத்தமுறையும் நடந்தது, மெல்ல வேறுவிதமாக நடக்க முடியாது என்ற நிலை வந்தது. வழக்கம் சட்டத்தைவிட மென்மையானது, அதே நேரத்தில் பிடுங்கி எறிவதற்கும் கடினமானது.

இன்னொரு நுணுக்கம். டேனிஷ் பொறுப்பாட்சி 'எதிர்மறை' வகை. அமைச்சரவை பதவியேற்க 'எங்களுக்குப் பெரும்பான்மை இருக்கிறது' என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எங்களை வேண்டாம் என்று சொல்லும் பெரும்பான்மை இல்லை என்றால் போதும். இன்றைய ஃபோல்கெதிங்கில் 179 இடங்கள் (அவற்றில் ஃபரோ தீவுகளுக்கு இரண்டு, கிரீன்லாந்துக்கு இரண்டு). 90 பேர் எதிர்த்து வாக்களிக்காத வரை ஐம்பது உறுப்பினர் கட்சியும் ஆளலாம். டென்மார்க்கில் சிறுபான்மை அரசுகள் இத்தனை சாதாரணமாக இருப்பதன் காரணம் இதுதான். ஆதரவு தெரிவிக்காமலே பொறுத்துக்கொள்ளும் கட்சிகள் அங்கே உண்டு.

ஆசிரியர் அமைச்சரானபோது

நான்கு ஆண்டுகள் கல்வி அமைச்சராக அவர் செய்தவற்றில் இரண்டு நிலைத்தன. ஒன்று 1903-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டம். அதுவரை கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒரு தீவு, நகரத்து லத்தீன் பள்ளி இன்னொரு தீவு. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தோணி கிடையாது. சட்டம் நடுவே நான்காண்டு இடைநிலைப் பள்ளி ஒன்றை வைத்தது. தொடக்கப் பள்ளியில் படித்த பிள்ளை படிப்படியாக மேல்நிலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏறலாம், பெண்பிள்ளைகளும் ஏறலாம். இப்படி ஒரு படிக்கட்டு தனக்கு இல்லாமல் வளர்ந்தவர் கட்டிய படிக்கட்டு அது.

இரண்டாவது அதே ஆண்டில் வந்த சபை மன்றச் சட்டம். ஒவ்வொரு தேவாலய வட்டாரத்திலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம், அதில் பெண்களும் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம். சோதனை முயற்சியாக வந்து 1912-இல் நிரந்தரமானது. டேனிஷ் பெண்கள் பொது அமைப்பு ஒன்றில் வாக்குப் பெற்ற வாசல் தேவாலய வாசல்தான். நகராட்சி, கிராம ஆட்சித் தேர்தல்களில் 1908-இல், அவர் பிரதமராக இருந்தபோது வாக்குரிமை வந்தது. நாடாளுமன்றத்துக்கு 1915-இல்.

1905 ஜனவரியில் டாய்ன்ட்சர் அரசு ராணுவச் செலவுத் தகராறில் உடைந்தது. கிறிஸ்டென்சன் பிரதமரானார், பாதுகாப்புத் துறையையும் தானே வைத்துக்கொண்டார். ராணுவச் செலவு வேண்டாம் என்ற பிரிவு வெளியேறி அவ்வாண்டே ஓடென்சேயில் ராதிகாலே வென்ஸ்ட்ரே என்ற புதுக் கட்சியைத் தொடங்கியது. எஸ்ட்ரூப்பின் கோட்டைகளைக் கேலி செய்த கட்சி, இப்போது கோட்டைகளைப் பற்றித் தனக்குள்ளேயே அடித்துக்கொண்டது. ஆட்சிக்கு வந்தால் எல்லா எதிர்க்கட்சிக்கும் நேர்வதுதான்.

ஆல்பெர்ட்டி

இந்தக் கதையின் மையம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

1901 முதல் நீதித்துறை அமைச்சர் பீட்டர் ஆட்லர் ஆல்பெர்ட்டி. வழக்கறிஞர், சாமர்த்தியசாலி, நாக்கில் அமிலம். கோபன்ஹேகன் இருக்கும் சீலாந்து தீவின் விவசாயிகளுடைய சேமிப்பு வங்கியும் அவர்களுடைய வெண்ணெய் ஏற்றுமதிச் சங்கமும் அவர் கையில். ஏதோ சரியில்லை என்று செய்தித்தாள்கள் முணுமுணுத்தன, எதிர்க்கட்சிகள் கேள்வி கேட்டன. கிறிஸ்டென்சன் ஒவ்வொரு முறையும் சக அமைச்சருக்குக் கவசமாக நின்றார். கூட்டணியைக் கலையாமல் காப்பாற்றும் அதே குணம். அந்தச் சேமிப்பு வங்கிக்கு அரசுப் பணத்திலிருந்து கடனும் போனது.

1908 ஜூலையில் ஆல்பெர்ட்டி பதவி விலகினார். செப்டம்பர் 8-இல் கோபன்ஹேகனில் காவல்துறையிடம் தானே நடந்துபோய், மோசடியும் போலி ஆவணமும் செய்ததாக ஒப்புக்கொண்டார். தொகை சுமார் ஒன்றரைக் கோடி குரோனர். அந்நாளைய டென்மார்க்குக்கு நம்ப முடியாத தொகை. பங்குச் சந்தையிலும் தங்கச் சுரங்கப் பங்குகளிலும் விட்ட பணத்தை விவசாயிகளின் சேமிப்பால் அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஏழு ஆண்டுகள் நாட்டின் சட்டத்தைக் காத்தவர்!

பிரதமர் திருடவில்லை. அதை எதிரிகளும் சொல்லவில்லை. ஆனால் கீழவையின் முன் அவர் நிற்க முடியவில்லை. அக்டோபரில் அரசு விலகியது, நீல்ஸ் நேர்கார்ட் பிரதமரானார். 1909-இல் கிறிஸ்டென்சன் பாதுகாப்பு அமைச்சராகச் சில மாதங்கள் திரும்பி வந்தபோதும் எதிர்ப்பு ஓயவில்லை, மீண்டும் விலக நேர்ந்தது. எஸ்ட்ரூப்பைப் போல 'அரசர் நம்புகிறார், போதும்' என்று உட்கார அவரால் முடியாது. அந்த வாயிலை அடைத்தவர்களில் ஒருவர் அவரே.

பிறகு வந்தது தேசிய நீதிமன்றம். டேனிஷ் மொழியில் ரிக்ஸ்ரெட் என்பார்கள். அமைச்சர்களை விசாரிப்பதற்காக மட்டும் கூடும் நீதிமன்றம் அது. பாதி உச்ச நீதிமன்ற நீதிபதிகள், பாதி அந்நாளில் மேலவை உறுப்பினர்கள். கிறிஸ்டென்சனும் முன்னாள் உள்துறை அமைச்சர் சிகுர்த் பெர்க்கும் குற்றம் சாட்டப்பட்டார்கள். சேமிப்பு வங்கிகளைக் கண்காணிக்க வேண்டியது உள்துறை. இந்த சிகுர்த் பெர்க், சிறைக்குப் போன அந்தப் பழைய கிறிஸ்டன் பெர்க்கின் மகன். 1910-இல் தீர்ப்பு: பெர்க்குக்கு 1,000 குரோனர் அபராதம், கிறிஸ்டென்சன் விடுதலை. ஆல்பெர்ட்டிக்குச் சாதாரண நீதிமன்றத்தில் எட்டு ஆண்டு.

இங்கே இரண்டு வகைப் பொறுப்பு தனித்தனியாகத் தெரிகிறது. சட்டப் பொறுப்பு: நீ குற்றம் செய்தாயா? அதற்குச் சாட்சி வேண்டும், நீதிபதி வேண்டும், தண்டனை உண்டு. அரசியல் பொறுப்பு: அவை உன்னை இன்னும் நம்புகிறதா? அதற்குச் சாட்சி தேவையில்லை, தண்டனையும் இல்லை. நாற்காலி மட்டும் போகும். முதலாவது 1849 சாசனத்திலேயே இருந்தது. இரண்டாவதைத்தான் 1901 கொண்டுவந்தது. கிறிஸ்டென்சன் இரண்டாவதில் 1908-இல் தோற்றார், முதலாவதில் 1910-இல் வென்றார். ஒரே விவகாரம், ஒரே ஆள், இரண்டு எதிரெதிர் முடிவுகள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்துவிட்டதே, பின் ஏன் விலகினார் என்று கேட்பவர்கள் இரண்டு தராசுகளை ஒன்றாக்கிப் பார்க்கிறார்கள்.

பிற்பகுதியைச் சுருக்கமாக

1916-இல் டென்மார்க்கிடம் இருந்த கரீபியத் தீவுகளை அமெரிக்காவுக்கு 2.5 கோடி டாலருக்கு விற்கும் சர்ச்சையின்போது எல்லாக் கட்சிகளும் ஏற்கும்படி மூன்று எதிர்க்கட்சி, தோழமைக் கட்சித் தலைவர்கள் துறையில்லா அமைச்சர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். 'கட்டுப்பாட்டு அமைச்சர்கள்' என்று பெயர். அவர்களில் ஒருவர் கிறிஸ்டென்சன். இன்னொருவர் தோர்வல் ஸ்டவ்னிங், பின்னாளில் நெடுங்காலம் பிரதமராக இருந்தவர்.

1920 மார்ச் 29-இல் அரசர் பத்தாம் கிறிஸ்டியான், ஷ்லெஸ்விக் எல்லைத் தகராறில் பிரதமர் சாஹ்லேயின் அமைச்சரவையைத் தானாகவே நீக்கினார். கீழவை நம்பிக்கையில்லை என்று சொல்லியிருக்கவில்லை. முடியாட்சியே ஆடிப்போனது. தொழிற்சங்கங்கள் பொதுவேலைநிறுத்தம் அறிவித்தன, ஒரே வாரத்தில் அரசர் பின்வாங்கினார். 1901-இன் வழக்கம் எவ்வளவு வேரூன்றிவிட்டது என்று அளந்து பார்க்க அந்த ஈஸ்டர் வாரம் போதும். அதற்குப்பின் எந்த டேனிஷ் அரசரும் அப்படி ஒன்றைச் செய்ய முயலவில்லை. தேர்தலுக்குப் பின் நேர்கார்ட் அமைத்த அரசில் கிறிஸ்டென்சன் சமயத் துறை அமைச்சர். 1924-இல் அவையை விட்டார். 1930 டிசம்பர் 19-இல் ரிங்கியோபிங் அருகே ஹே என்ற ஊரில் இறந்தார்.

1953-இல்தான் வழக்கம் எழுத்தாயிற்று. புதிய சாசனத்தின் 15-ஆம் பிரிவு: ஃபோல்கெதிங் தன்மீது நம்பிக்கையில்லை என்று சொன்னபின் எந்த அமைச்சரும் பதவியில் நீடிக்கக் கூடாது. பிரதமர் மீது நம்பிக்கையில்லை என்றால் அரசு முழுவதும் விலக வேண்டும், அல்லது தேர்தலைக் கூப்பிட வேண்டும். அதே சாசனம் மேலவையை ஒழித்தது.

தேசிய நீதிமன்றம் 1910-க்குப் பின் 85 ஆண்டுகள் ஒருவரையும் தண்டிக்கவில்லை. அது மறுபடி ஒரு தீர்ப்புச் சொன்னபோது, வழக்கின் பெயரே 'தமிழ் வழக்கு'. 1980-களில் இலங்கைப் போரிலிருந்து தப்பிய தமிழர்கள் டென்மார்க்கில் அடைக்கலம் பெற்றிருந்தார்கள். மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள 1983-ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்தது. நீதித்துறை அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் 1987-இல் அந்த விண்ணப்பங்களை நகர்த்தாமல் கிடப்பில் போடச் செய்தார். சட்டத்தை மாற்றவில்லை, செயல்படவிடவில்லை. 'வாடவிடுதல்' என்ற பழைய சொல் நினைவுக்கு வருகிறது; அன்று அவை அரசை வாடவிட்டது, இப்போது ஓர் அமைச்சர் சட்டத்தையே வாடவிட்டார். கம்பளத்துக்கு அடியில் எதையும் பெருக்கித் தள்ளவில்லை என்று பிரதமர் பவுல் ஷ்லூட்டர் 1989-இல் அவையில் உறுதி சொன்னார். உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்தது. பத்தாண்டுக்கும் மேலாகப் பிரதமராக இருந்த ஷ்லூட்டர் உடனே பதவி விலகினார். நின்-ஹான்சனுக்கு 1995-இல் நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை. ஷ்லூட்டர் அந்த நீதிமன்றத்தில் நிற்கவே இல்லை. அவருடைய கணக்கை இரண்டாண்டுகளுக்கு முன்பே அவை தீர்த்துவிட்டிருந்தது.